கனியைத் தின்றவள் மட்டுமா குற்றவாளி?

விளையாட்டு வீரர் ஒருவர் மருந்தினால் அழிந்தார் என்று செய்தி வந்தால் நம் நாவில் முதலில் எழும் சொல் எது? "தானே தேடிக்கொண்ட வினை!" என்பதுதான். அத்துடன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுகிறோம். அந்தச் சொல் எவ்வளவு தூரம் நியாயமானது என்பதையே இக்கட்டுரையில் சிந்திக்க விரும்புகிறோம்.

2019ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு ஓட்டல் அறையில் டைலர் ஸ்காக்ஸ் என்னும் பேஸ்பால் வீரர் இறந்து கிடந்தார். வயது 27. ஏஞ்சல்ஸ் என்னும் புகழ்பெற்ற குழுவின் பந்து வீச்சாளர் அவர். அவருடைய உடலில் மதுவும், ஆக்ஸிகோடோன் என்னும் வலி மருந்தும், பெண்டனில் என்னும் மருந்தும் இருந்தன. பெண்டனில் மார்பினைவிட 50 முதல் 100 மடங்கு வலிமை உடையது. கடும் வலியால் துடிக்கும் நோயாளிக்கு மருத்துவர் அளந்து கொடுக்க வேண்டிய பொருள் அது.

அவரே விழுங்கினார். யாரும் அவர் வாயைத் திறந்து ஊற்றவில்லை. இது உண்மையே. ஆனால் மாத்திரையைக் கொடுத்தவர் யார்? தெருமுனையில் நின்ற கள்ள வியாபாரி அல்லர். அதே குழுவில் மாதச் சம்பளம் வாங்கிய மக்கள் தொடர்பு அலுவலர் எரிக் கே. தங்களுக்கும் அவர் மாத்திரை கொடுத்ததுண்டு என்று வேறு சில வீரர்களும் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். 2022இல் அவருக்கு 22 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. வீரரின் குடும்பத்தார் அத்துடன் விடவில்லை. உங்கள் அலுவலர் செய்தது உங்களுக்குத் தெரியாதா, தெரிந்திருக்க வேண்டாமா என்று குழுவின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். எங்களுக்குத் தெரியாது, அவரே பொறுப்பு என்று குழு வாதிட்டது. 2025 டிசம்பரில், ஜூரிகள் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே, இரு தரப்பாரும் சமரசம் செய்துகொண்டார்கள். ஆகவே குழுவின் பொறுப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு விடை எழுதப்படாமலே போயிற்று.

அமெரிக்கச் செய்தி புதுக்கோட்டைக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். உயிர் போகாத அளவில் அதே கேள்வி நம் அண்டை வீட்டிலேயே எழுந்தது.

நம் பக்கத்து மாவட்டமான திருச்சியில் முடிகண்டம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பிறந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோஹா நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். ஏழை விவசாயத் தொழிலாளியின் மகள் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. மாலைகள், மேளதாளம், இலட்சக்கணக்கில் பரிசு அறிவிப்புகள்! அடுத்த ஆண்டே, அவர் உடலில் நான்ட்ரலோன் என்னும் ஊக்கமருந்தின் அடையாளம் இருந்ததென்று நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. தங்கமும் போயிற்று. நான் தெரிந்து எதையும் உண்ணவில்லை என்று அவர் சொன்னார். மாலையிட்ட கைகள் எல்லாம் அன்று எங்கே போயின என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. தோஹாவுக்குப் போகும் முன்பே, மார்ச் மாதம் பாட்டியாலாவில் நடந்த போட்டியிலும் அவரிடம் மாதிரி எடுக்கப்பட்டது. அதிலும் அதே மருந்து இருந்தது. ஆனால் அவர் விமானம் ஏறும் வரை முடிவு வந்து சேரவில்லை. உரிய காலத்தில் வந்திருந்தால் அந்தப் பெண் உலகத்தின் கண்முன்னே ஏற்றப்பட்டு இறக்கப்பட்டிருக்க மாட்டார். இந்தத் தாமதத்துக்கு எவர் மீது தடை விதிப்பது?

விளையாட்டு விதி மிகவும் கண்டிப்பானது. தடை செய்யப்பட்ட பொருள் உடலில் இருந்தால், அது எவ்வழியில் வந்திருந்தாலும், அந்த உடலுக்கு உரியவரே பொறுப்பு. விதி தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாது" என்ற ஒரு சொல் போதுமென்றால் எல்லோரும் அதையே சொல்வார்கள். அன்று தோஹாவில் இரண்டாம் படியில் நின்ற சீனப் பெண் வாங் சுன்யூவையும் நினைக்க வேண்டும். தங்கம் பெற்ற மகிழ்ச்சியை மேடையில் அனுபவிக்கும் வாய்ப்பை அவர் இழந்தார் அல்லவா? ஆகவே தண்டனை வேண்டியதே. ஆனால் தண்டனை ஒருவரோடு நின்றுவிட்டால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள் என்பதே எங்கள் வாதம்.

2011ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். முந்திய ஆண்டு டில்லி காமன்வெல்த் போட்டியிலும் சீனாவின் குவாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியிலும் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற பெண்கள் சிலரும், அவர்களோடு பயிற்சி பெற்றவர்களும் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கௌர், சினி ஜோஸ் முதலிய ஆறு பேர். பயிற்சியாளர் வாங்கித் தந்த ஜின்செங் என்னும் மூலிகைச் சத்தைத்தான் உண்டோம் என்றார்கள். முதலில் ஓராண்டுத் தடை. மேல் முறையீட்டில் அது இரண்டு ஆண்டுகளாயிற்று. உக்ரைன் நாட்டவரான அந்தப் பயிற்சியாளர் வேலையை விட்டு நீக்கப்பட்டார். சில ஆண்டுகளில் அவரே மீண்டும் அழைக்கப்பட்டு நம் நாட்டுப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தார்! ஓடுகிறவளின் வாழ்நாளில் ஓடக்கூடிய ஆண்டுகள் எத்தனை? அதில் இரண்டு போனால் மீண்டும் அழைத்துத் தருவார் யார்?

மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லோரும் படித்ததுதான். விலக்கப்பட்ட கனியைத் தின்றபின் ஆதாம் ஏவாளைக் காட்டினான். ஏவாள் பாம்பைக் காட்டினாள். சாக்குப்போக்கு எதுவும் ஏற்கப்படவில்லை. ஆயினும் தின்றவளோடு தண்டனை நின்றதா? கொடுத்ததை வாங்கித் தின்ற ஆதாமுக்கும் கிடைத்தது. ஏய்த்த பாம்புக்கும் கிடைத்தது. நம் காலத்து விளையாட்டு மன்றங்கள் ஏவாளோடு கோப்பை மூடிவிடுகின்றனவோ என்று எங்களுக்கு ஐயம் உண்டாகிறது. பயிற்சியாளருக்கும் மருத்துவருக்கும் தண்டனை தரச் சட்டத்தில் இடம் இருக்கத்தான் இருக்கிறது. பத்திரிகையில் நாம் படிக்கும் பெயர்களோ பெரும்பாலும் ஓடியவர்களின் பெயர்களே.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் நாட்டில் 7,113 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. 260இல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. பெரிய அளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இந்த விகிதத்தில் நாமே முதலிடம். பதக்கப் பட்டியலில் கிடைக்காத முதலிடம் இதில் கிடைத்திருக்கிறது. 260 பேரும் தனித்தனியே கெட்டவர்கள் என்று நம்புவது எளிது. ஒரு ஏழைக் குடும்பத்துக்குப் பதக்கம்தான் அரசு வேலை, பதக்கம்தான் ஓட்டு வீடு என்று ஆக்கி வைத்திருப்பவர்கள் யார் என்று கேட்பது கடினம்.

நம் மாவட்டத்துக் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2006இல், அதே தோஹா, அதே 800 மீட்டர், வெள்ளி. அவர் எந்த மருந்தும் உண்டவர் அல்லர். பிறவியிலேயே உடலில் அமைந்திருந்த ஒன்றுக்காகப் பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பின்னர் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்ததும், அதற்கும் பின்னர் பயிற்சியாளராகி மற்றப் பிள்ளைகளை ஓட வைத்ததும் நாடறிந்தது. குற்றமே இல்லாதவரையும் இப்படித்தான் தனியே விட்டோம் என்றால், குற்றம் கண்ட இடத்தில் நாம் காட்டும் கோபம் நீதியின் மீதுள்ள பற்றால் வந்தது என்று எப்படி நம்புவது?

தோழியரே, நம் திடலுக்கு வருவோம். மாவட்டப் போட்டி நெருங்கும்போது முழங்கால் வலி, வயிற்று வலி என்று மெடிக்கல் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள் நம்மில் இல்லையா? அண்ணன் ஜிம்மிலிருந்து கொண்டு வந்த டப்பாவில் இரண்டு கரண்டி பாலில் கலந்து குடித்தால் கால் பறக்கும் என்று நம்புகிறவர்கள் இல்லையா? டப்பாவின் மேல் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். நான்ட்ரலோன் போன்றவை பெண்களின் குரலையும் உடல் இயல்பையும் மாற்றிவிடும், ஈரலையும் கெடுக்கும். இதை எங்களுக்கு எந்தப் பாடத்திலும் யாரும் சொல்லவில்லை. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும்போது மட்டும் எல்லோருக்கும் எங்கள் மீது அக்கறை வந்துவிடுகிறது!

பெற்றோர்களே, மகள் மூன்றாவதாக வந்தாள் என்று முகம் சுளிக்கும் முன், அவள் என்ன சாப்பிடுகிறாள், யார் கொடுத்தது என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு அஞ்சினால் பிறகு எங்களைக் குற்றம் சொல்லும் உரிமையும் குறைந்துபோகும். இப்படி எழுதுவதற்கு எங்களை மன்னியுங்கள்.

மதிப்பிற்குரிய தலைமை அன்னை அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன், அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் மருத்துவரை அழைத்து ஒரு மணி நேரம் எங்களோடு பேசச் செய்ய வேண்டுகிறோம். ஓடும் பெண்களோடு, அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களும், பெற்றோரும் அன்று வந்து உட்கார வேண்டும். தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் ஆண்டுதோறும் வெளியாகிறது. அதைத் தமிழில் எழுதி விளையாட்டு அறையின் கதவில் ஒட்டும் வேலையைப் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.