கீபோர்டு பழகியவருக்குக் கமகம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இசை சொல்லிக்கொடுக்கும் நம்மிடம் இன்று வரும் மாணவர் பலர் ஏற்கெனவே இசை அறிந்தவர்கள். கீபோர்டில் கிரேடு தேர்வுகள் முடித்தவர்கள், தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிப்பவர்கள், மெல்லிசைக் குழுவில் கிடார் பிடிப்பவர்கள். ஸ்டாஃப் நொட்டேஷனைத் தடங்கலின்றிப் படிப்பார்கள், தாளம் நழுவாது. தோடிக்கோ பேகடாவுக்கோ வந்ததும் திணறுகிறார்கள். உடனே நாம் 22 சுருதிகளின் அட்டவணையை எடுத்து விரித்து, அவர்கள் அறிந்த பன்னிரண்டு சுரங்களுக்கு நடுவே விடுபட்டவை இவை என்று விளக்கத் தொடங்குகிறோம். இந்தத் தொடக்கம் மாணவரைத் தப்பான வழியில் விட்டுவிடுகிறது. நுண்சுருதி முதலில் அசைவாக, குரலில் வர வேண்டும்; கணக்கு பின்னால் வரட்டும்.

இதற்கு முதல் சாட்சி வீணை. அதன் மெட்டுகள் 24, ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. கீபோர்டிலும் ஸ்தாயிக்குப் பன்னிரண்டுதான். ஆனாலும் தந்தியை மெட்டின்மேல் இழுத்துப் பிடிக்கும் விரலால் வீணையில் தோடி முழுதாகப் பேசுகிறது. ஆகவே மாணவருக்குக் குறைவது பதின்மூன்றாவது சுரம் அல்ல. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்வரும் வழி. 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் சுப்பராம தீட்சிதர் இந்த வழிகளுக்குத்தான், கமகம் கமகமாக, தனித்தனிக் குறியீடு அமைத்தார். 1916இல் பரோடா மாநாட்டிலும் அடுத்த ஆண்டு தம் கருணாமிர்த சாகரம் நூலிலும் ஆபிரகாம் பண்டிதர் சுருதி 24 என்று வாதாடினார். இசையியலுக்கு அந்த விவாதம் பெரும் செல்வம். ஆனால் பாட வகுப்பில் கைகொடுப்பது தீட்சிதரின் குறியீடே. 1963இல் ஆய்வாளர்கள் ஜைரஸ்பாயும் ஸ்டோனும் இந்துஸ்தானிக் கலைஞர்களின் சுரங்களைக் கருவிகொண்டு அளந்தபோதும், அவை நூல்கள் சொல்லும் நிலையான இடங்களில் கட்டுப்பட்டு நிற்கவில்லை.

தோடியின் காந்தாரத்தையே எடுத்துக்கொள்வோம். சி-யை ஷட்ஜமாக வைத்தால் சாதாரண காந்தாரம் ஈ-ஃப்ளாட். அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்தால் ஒலிப்பது தோடி அல்ல. தோடிக் காந்தாரம் ரிஷபத்தின் பக்கம் தாழ்ந்து, மத்தியமத்தைத் தொட்டுத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. நிற்காத ஒன்றுக்கு அட்டவணை எந்த எண்ணைத் தரும்? வாத்தியத்தை மூடிவைத்துவிட்டு, தம்புராவோடு மாணவர் ரிஷபத்தையும் மத்தியமத்தையும் அசைவில்லாமல் மாறி மாறிப் பாடட்டும். பிறகு இரண்டையும் இணைத்து, 'க' என்ற ஒரே எழுத்தில், முதல் காலத்திலும் அடுத்து இரண்டாம் காலத்திலும் ஆட்டட்டும். தொண்டையில் அது நிலைத்த பிறகு கீபோர்டுக்கு வரலாம். பிச் பெண்ட் சக்கரம் வழக்கமாக மேலும் கீழும் இரண்டிரண்டு அரைச்சுரம் நகரும். ஈ-ஃப்ளாட்டிலிருந்து கீழே இரண்டு சுத்த ரிஷபம், மேலே இரண்டு சுத்த மத்தியமம். தோடிக்கு வேண்டிய வீச்சு அந்தச் சக்கரத்திலேயே இருக்கிறது. எவ்வளவு நேரம் எங்கே தங்குவது என்பதைத்தான் அது அறியாது.

அசையாத சுரத்துக்கும் காது பழக வேண்டும். அங்கே எண்ணுக்கு இடமுண்டு. கீபோர்டில் நடு சி-யையும் அதன் மேல் ஈ-யையும் சேர்த்து அழுத்தினால், மேற்சுரங்கள் மோதி நொடிக்குச் சுமார் பத்து விம்மல் எழும். மாணவர் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகியதால் அது அவர் காதில் விழுவதில்லை. தம்புராவோடு அந்தர காந்தாரத்தைப் பாடி மெல்ல இறக்கினால், அந்த நடுக்கம் அடங்கும் இடம் சுமார் 14 சென்ட் கீழே கிடைக்கும். முதலில் கேட்கட்டும், எண்ணைப் பிறகு சொல்வோம்.

'எனக்குப் பாட வராது' என்பார் வாத்தியக்காரர். கச்சேரிக் குரல் யாரும் கேட்கவில்லை. திருவேற்காட்டிலும் மாங்காட்டிலும் சன்னிதியில் ஒலிக்கும் நாகசுரத்தில் விரல்துளைகள் ஏழுதான். மற்றதெல்லாம் மூச்சும் உதடும் செய்வது. எங்கே போக வேண்டும் என்று உள்ளே பாடத் தெரியாத உதட்டால் அது முடியாது. சுருதியை மாற்றியமைக்கும் வசதி புதிய கீபோர்டுகளில் உண்டே என்பது அடுத்த வாதம். அது ஒவ்வொரு கட்டையையும் வேறோர் இடத்தில் நிறுத்தும், நகர்த்தாது. கீபோர்டே கர்நாடக இசைக்கு ஆகாது என்போரும் உண்டு. 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்து, 1971இல் தளர்த்தியது; அந்தத் தடையால் யாருக்கும் சுருதி ஞானம் வளர்ந்துவிடவில்லை. கீபோர்டு சத்யநாராயணன் அந்த வாத்தியத்திலேயே கமகத்தோடு கச்சேரி செய்கிறார். எண் இல்லாவிட்டால் குருவின் விருப்பமே அளவாகிவிடும் என்ற அச்சம்தான் இவற்றில் கனமானது. அதற்கு விடை, அசைவையே அளப்பது. மாணவர் பாடியதையும் ஒரு வித்துவான் பாடியதையும் சுருதிக் கோடாக வரைந்து காட்டும் மென்பொருள்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. இரண்டு கோடுகளையும் அருகருகே வைத்தால் பிழை எங்கே என்பது இருவருக்கும் தெரியும்.

ஆகவே இந்த வட்டார ஆசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் இது. மேற்கத்திய முறையில் தேறி வருபவருக்கு முதல் பருவம் முழுவதும் ஒரே ராகம், தம்புரா, குரல் என்று வகுப்பை அமையுங்கள். அவருக்குப் பழக்கமான ஸ்டாஃபின் மேலேயே கமகக் குறிகளை எழுதக் கற்றுக்கொடுங்கள். அருகிலுள்ள கோயில் நாகசுர வித்துவான்களை உரிய சன்மானத்தோடு வகுப்புக்கு அழையுங்கள். கிரேடு தேர்வில் பெற்ற ஒழுங்கும் வாசிப்புத் திறனும் இந்த மாணவர்களின் பலம். அதை இழக்காமலே அவர்களால் நம் ராகங்களுக்குள் வர முடியும். வராமல் போனால், குறையை அவர்கள் காதில் தேடாமல் நம் பாடத்திட்டத்தில் தேடுவோம்.