கோடு வரைபவனும் தொழிலாளியே!

சீமாட்டிகளின் உடைக்குப் படம் வரைவோரைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பேச்சு இருக்கிறது என்கிறோம் நாம்.

அமெரிக்காவின் 'வோக்' பணக்காரர் வீட்டுப் பத்திரிகை. அதன் அட்டைகளை ஒரு காலத்தில் ஓவியர்களே வரைந்தனர். 1932 ஜூலையில் ஸ்டைகன் எடுத்த வண்ணப் புகைப்படம் அட்டையில் ஏறியது. பிறகு காமிராவின் கை ஓங்கியது; தூரிகைக்கு வேலை சுருங்கியது.

ஆனால் கலை சாகவில்லை. இங்கிலாந்தின் டேவிட் டவுன்டன் பலமுறை வரைந்து பார்த்து, வேண்டாத கோடுகளை நீக்கி, மிஞ்சிய சில கோடுகளிலேயே துணியின் மடிப்பையும் அசைவையும் காட்டிவிடுகிறார். 2020 ஜனவரியில் 'வோக்' இத்தாலியப் பதிப்பு, படப்பிடிப்புப் பயணங்களால் இயற்கைக்கு நேரும் கேட்டைச் சுட்டிக்காட்டி, அட்டைகளையும் உடைப் பக்கங்களையும் ஓவியர்களிடமே ஒப்படைத்தது.

இன்றோ செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. வரைந்தவரைக் கேளாமலே கோடிக்கணக்கான படங்களை விழுங்கி, அவர் பாணியிலேயே நொடியில் படம் கக்குகிறது. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் மூன்று ஓவியர்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர்.

தானியங்கித் தறி வந்தபோது ஆட்குறைப்பும் சேர்ந்து வந்ததை மில் தொழிலாளி அறிவார். அறுவடை இயந்திரம் இறங்கிய வயலில் கூலி நாட்கள் குறைந்ததை விவசாயத் தொழிலாளி அறிவார். இயந்திரத்தோடு நமக்குப் பகையில்லை. அதன் பலன் யாருக்கு என்பதே கேள்வி.

ஓவியரின் அனுமதியைக் கேள். உழைப்புக்குக் கூலி கொடு! இக்கோரிக்கை நியாயமானது. அது நம் கோரிக்கையும்கூட.