சர்வேயா? ஜோசியமா?

சர்வகலாசாலை மாணவர்கள் ஜாதியைப் பற்றி "சர்வே" எடுக்கக் கிளம்பினால், முதலில் அச்சடிக்கும் கேள்வி, "தாங்கள் ஜாதி வித்தியாசம் பாராட்டுவதுண்டா?" என்பதேயாகும். இப்படிக் கேட்டால் யார்தான் "ஆம்" என்பார்கள்? மூன்று தலைமுறையாய் ஜாதிக்கு வெளியே சம்பந்தம் செய்யாதவனும், வேலைக்காரிக்குத் தனி டம்ளர் வைத்திருப்பவனுங்கூட, "சே, சே! அதெல்லாம் அந்தக் காலம்" என்றுதான் எழுதிக் கொடுப்பான். அதைக் கூட்டிக் கணக்குப் போட்டு, ஜாதி ஒழிந்துவிட்டதென்று பட்டமும் வாங்கிவிடலாம்!

கேள்வி எப்படியோ பதிலும் அப்படியே என்பது வெகு காலத்துக்கு முன்பே ருஜுவான சங்கதி. அமெரிக்காவில் டொனால்ட் ரக் என்பவர் 1941-ல் வெளியிட்ட பரிசோதனையில், ஜனநாயகத்துக்கு விரோதமான பிரசங்கங்களை "அனுமதிக்க வேண்டுமா?" என்று ஒரு பகுதியாரும், "தடுக்க வேண்டுமா?" என்று மற்றப் பகுதியாரும் கேட்கப்பட்டார்கள். அனுமதிக்கக் கூடாதென்றவர்கள் 100-க்கு 62 பேர். தடுக்க வேண்டுமென்றவர்களோ 46 பேர்தான். விஷயம் ஒன்றே!

ஆதலால் மாணவர்கள் வேறு வழி பார்க்கவேண்டும். வாடகைக்கு வீடு கேட்பவர் ஒருவரைப் பற்றிச் சிறு வர்ணனை எழுதி, சீட்டுக் குலுக்கிப் பாதிக் காகிதங்களில் ஒரு ஜாதியும் மீதியில் வேறு ஜாதியும் போட்டு, "இவருக்கு வீடு விடலாமா?" என்று கேட்டால், அப்போது தெரியும் யோக்கியதை.

ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்னும் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் இந்தியாவில் நடத்தி 2012-ல் வெளியிட்டதும் இம்மாதிரியானதே. பிள்ளைகள் எழுதிய பரீட்சைக் காகிதங்களின் மேல்தாளில் ஜாதி முதலியவற்றைச் சீட்டு விழுந்தபடி போட்டு, உபாத்தியாயர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். கீழ்ஜாதி என்றிருந்த காகிதங்களுக்கு மார்க் குறைந்தது. திட்டவிலக்கக் கணக்கில் 0.03 முதல் 0.08 வரை. சிறிய அளவுதான்.

நிற்க, அப்படிக் குறைத்தவர்கள் யார்? பெரும்பாலும் கீழ்ஜாதி என்று சொல்லப்படுகிற உபாத்தியாயர்களே! மேல்ஜாதி உபாத்தியாயர்கள் பாரபட்சம் காட்டினதாகக் காணப்படவில்லை. இதைக் கேட்டு நம்மவர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நமக்குக் கசக்கிறதென்று இதை மறைத்தால், புராணத்துக்கு விரோதமான உண்மையை மறைக்கும் பண்டிதருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? சுயமரியாதையை இழந்தவனுக்குத் தன் இனத்தானிடமே மதிப்பிராது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அது நமது ஊகமே. காரணம் இன்னதென்று அந்தப் பரிசோதனை ருஜுப்படுத்தவில்லை. மேல்ஜாதியார் இதைக் கொண்டாடவும் இடமில்லை. 2007-ல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெலும் வெளியிட்ட ஆராய்ச்சியில், தகுதி ஒன்றாயிருந்தும், தலித் பெயரிட்ட வேலை விண்ணப்பங்களுக்கு மேல்ஜாதிப் பெயர்களைவிடக் குறைவாகவே அழைப்பு வந்தது.

இனி எழுதி வெளியிடும் விஷயம். ஜோசியன் நூறு சொல்லுவான். பலித்த ஒன்றை விளம்பரத்தில் போடுவான். மற்ற 99-ஐயும் மறந்துவிடுவான். இருபது கேள்வி கேட்டு, தனக்கு வேண்டியபடி வந்த ஒன்றை மாத்திரம் எழுதும் மாணவன் அவனுக்குச் சொந்தத் தம்பி. உண்மையில் வித்தியாசமே இல்லாத இருபது விஷயங்களைச் சோதித்தாலும், 100-க்கு 5 என்னும் வழக்கமான அளவுகோலின்படி ஒன்றாவது தற்செயலாய்ப் பலிப்பது சகஜம். இதற்காகவே, எதைச் சோதிக்கப் போகிறோம், எப்படிக் கணக்கிடுவோம் என்பதை முன்கூட்டியே பகிரங்கமாய்ப் பதிவு செய்யும் வழக்கம் வந்திருக்கிறது. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2013-ல் இதற்கென்றே ஒரு பதிவேடு திறந்தது. எந்த ஜோசியனாவது தன் வாக்கை இப்படிப் பதிந்து வைக்கச் சம்மதிப்பானா?

பிறகு, கேட்ட கேள்வியை ஓர் எழுத்து விடாமல் அச்சிட வேண்டும். எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள், எத்தனை காகிதங்களை என்ன காரணத்தால் தள்ளினோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். வித்தியாசம் ஒன்றும் காணப்படவில்லையானால், அதையும் அப்படியே எழுத வேண்டியதுதான். அதற்காக மார்க் குறைப்பேன் என்கிற பேராசிரியர் எவரேனும் இருப்பாரானால், அவரிடம் மாணவர்கள் தாராளமாய் வாதாடலாம்.