பெரிய மருத்துவரா, உரிய நேரமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை, புறநோயாளர் பிரிவில் ஐம்பது வயதை நெருங்கிய ஒருவர் என் எதிரில் வந்து அமர்ந்தார். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உடன் வந்த மனைவியே விடை சொன்னார். அவரோ தலையைச் சற்றே திருப்பி, வலக்காதை என் பக்கம் காட்டிக்கொண்டிருந்தார். முந்திய மாதத்தில் ஒரு நாள் உறங்கி எழுந்தபோது இடக்காது அடைத்தாற்போல் இருந்திருக்கிறது. உள்ளே ஓயாத இரைச்சல். குளிக்கும்போது தண்ணீர் புகுந்திருக்கும் என்று இரண்டு நாள் பொறுத்திருந்தார்கள். பிறகு மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஒரு வாரம் விட்டார்கள். அதற்கும் அடைப்பு நீங்காததால், காது விஷயமாயிற்றே, பெரிய டாக்டரிடம்தான் காட்ட வேண்டும் என்று உறவினர்கள் அறிவுரை கூறினர். யார் பெரியவர் என்று நாலு பேரிடம் விசாரித்து, முன்பதிவு செய்து, ஊரிலிருந்து புறப்பட்டு வந்து சேர்வதற்குள் 36 நாட்கள் கடந்துவிட்டன.

செவிப்பறை பழுதின்றி இருந்தது. குறும்பி இல்லை, சீழும் இல்லை. இசைக்கவையை அதிரவைத்து நெற்றியில் வைத்தபோது, ஒலி நல்ல காதின் பக்கமே கேட்பதாகச் சொன்னார். ஆடியோகிராம் பரிசோதனையும் அதையே உறுதிசெய்தது. கோளாறு அடைப்பில் இல்லை, உள்காதில் இருந்தது. செவிப்பறையின் வழியே ஊசியால் மருந்து செலுத்திப் பார்த்தோம். சிறிதளவே பயன் கிட்டியது.

"முதல் வாரமே வந்திருந்தால் சரியாகியிருக்குமா டாக்டர்?" என்று அந்த அம்மையார் கேட்டார். நிச்சயம் குணமாகியிருக்கும் என்று சொல்ல எவராலும் இயலாது. ஆனால் வாய்ப்பு இதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும் என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "எங்க ஊர் ஜி.எச்.லயே தினமும் காலையில காது டாக்டர் இருக்காங்க. அங்க போய் என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டோம்" என்றார்.

அந்தச் சொற்களே இக்கட்டுரைக்குக் காரணம். காது, மூக்கு, தொண்டைக்கு எந்த மருத்துவரிடம் போவது என்று நோயாளிகளும் உறவினர்களும் என்னிடம் அடிக்கடி வினவுகின்றனர். இத்துறையின் பல நோய்களில், யாரிடம் போகிறோம் என்பதைவிட எப்போது போகிறோம் என்பதே பெரிது என்பது என் கருத்து. ஒரு பெரிய மருத்துவமனையின் இதழில் இருந்துகொண்டு, முதலில் எங்களிடம் வராதீர்கள், உங்கள் ஊர் மருத்துவரிடம் செல்லுங்கள் என்று எழுதுவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அதுவே நோயாளிக்கு நன்மை தருவது.

அந்த மனிதருக்கு நேர்ந்ததைத் திடீர்ச் செவித்திறன் இழப்பு என்கிறோம். ஓரிரு மணி நேரத்தில் தொடங்கி, மூன்று நாட்களுக்குள் ஒரு காதின் கேட்கும் திறன் குறைந்துவிடும். பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று புலப்படுவதில்லை. சிலருக்குத் தானாகவே ஓரளவு திரும்புவதும் உண்டு. யாருக்குத் திரும்பும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. ஸ்டீராய்டு மருந்து பயன் தருவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில்தான். நாள் செல்லச் செல்ல அந்த வாய்ப்பு தேய்ந்துகொண்டே போகிறது. இந்த நோயைக் கண்டறிய ஓர் இசைக்கவையும் ஓர் ஆடியோகிராமும் போதும். சிகிச்சை மாத்திரையில் தொடங்குகிறது. இதற்கு உலகப் புகழ் பெற்றவர் தேவையில்லை. தகுதி பெற்ற எந்தக் காது மூக்கு தொண்டை மருத்துவரும் அன்றே தொடங்கிவிடலாம்.

காது திடீரென அடைத்துக்கொண்டால் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று சற்று நேரம் முனகிப் பாருங்கள். அந்த ஒலி அடைத்த காதில் ஓங்கிக் கேட்டால், குறும்பி அல்லது சளியால் ஏற்பட்ட அடைப்பாக இருக்கக்கூடும். நல்ல காதில் ஓங்கிக் கேட்டால், கோளாறு உள்காதில் இருக்கக்கூடும். அன்றே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இது பரிசோதனைக்கு மாற்று ஆகாது. எனினும், சொட்டு மருந்தோடு ஒரு வாரத்தைக் கழித்துவிடாமல் காக்கும்.

அப்படியானால் மருத்துவரை எவ்வாறு கண்டறிவது? முதலில், அவசரத்தின் அளவை முடிவு செய்யுங்கள்.

சில நிலைகளில் மணிக்கணக்கில்தான் நேரம் உண்டு. குழந்தை பொத்தான் வடிவ பேட்டரியை விழுங்கிவிட்டாலோ, மூக்கில் போட்டுக்கொண்டாலோ ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே சதையைப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். நிலக்கடலை புரையேறிய பின் குழந்தைக்கு இருமலோ இழுப்போ தொடர்ந்தாலும், மூச்சு விடும்போது சத்தம் எழுந்தாலும், எச்சில்கூட விழுங்க முடியாத தொண்டை வலி இருந்தாலும், முகம் ஒரு பக்கம் கோணினாலும் அருகிலுள்ள அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும். மூக்கில் இரத்தம் வடிந்தால் தலையை முன்புறம் சாய்த்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை விரல்களால் அழுத்திப் பிடித்து, பத்து முதல் பதினைந்து நிமிடம் வாயால் மூச்சு விடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

வேறு சிலவற்றுக்கு நாட்கணக்கில் நேரம் உண்டு, மாதக்கணக்கில் இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல், ஆறாத வாய்ப்புண், கழுத்தில் கரையாத கட்டி, ஒரே பக்க மூக்கடைப்புடன் இரத்தக் கசிவு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. புகையிலை, பாக்கு, மதுப் பழக்கம் உள்ளவர்கள் இவற்றைச் சிறிதும் பொருட்படுத்தாமல் விடலாகாது. குரல்நாணில் தோன்றும் புற்றுநோய் தொடக்க நிலையிலேயே குரலை மாற்றிவிடும் என்பதால், அதை விரைவில் கண்டறிய முடிகிறது. அப்போது லேசர் சிகிச்சையாலோ கதிர்வீச்சாலோ குரல்வளையை இழக்காமலே பெரும்பாலோர் குணமடைகின்றனர். நீரிழிவு உள்ளவருக்கு இரவில் உறங்கவிடாத காது வலி வந்தால், அது எலும்பு வரை பரவும் தொற்றாகவும் இருக்கலாம். அவரும் அந்த வாரமே வர வேண்டியவர்.

எஞ்சியவற்றில்தான் நிதானமாகத் தேடித் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. பல ஆண்டுகளாக உள்ள செவிப்பறைத் துளை, நடுத்தண்டு வளைந்த மூக்கு, அடிக்கடி வீங்கும் டான்சில், நெடுநாள் சைனஸ் தொல்லை ஆகியவற்றில் அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் முன் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பது தவறன்று, வரவேற்கத்தக்கது. சாதாரணச் சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் உங்கள் குடும்ப மருத்துவரே போதும்.

அடுத்து, தகுதி. எம்.பி.பி.எஸ். முடித்தபின் இத்துறையில் எம்.எஸ்., டி.என்.பி. அல்லது டி.எல்.ஓ. பயின்றவரே காது மூக்கு தொண்டை மருத்துவர். மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. ஐயமிருந்தால் அதைக் கொண்டு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் அனைத்திலும் இத்துறை உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் வழக்கமாக இம்மருத்துவர் இருப்பார். அவர் படித்த படிப்பும் எங்கள் படிப்பும் ஒன்றே.

காதுக்கருவிக் கடையில் கேட்டல் பரிசோதனை செய்பவர் மருத்துவர் அல்லர். நன்கு பயின்ற செவித்திறன் வல்லுநரின் துணையின்றி எங்கள் துறை இயங்காது. ஆயினும் கேட்கும் திறன் ஏன் குறைந்தது என்று மருத்துவர் ஒருவர் ஆராய்ந்த பின்னரே கருவி வாங்க வேண்டும். காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவதும், ஊக்கால் குடைவதும், தெருவோரம் காது சுத்தம் செய்துகொள்வதும் சிகிச்சை ஆகா. அவற்றின் விளைவாக வந்த பூஞ்சைத் தொற்றையும் செவிப்பறைக் கிழிசலையும் நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

நல்ல மருத்துவரை அடையாளம் காண்பது எப்படி? அவர் முதலில் நீங்கள் சொல்வதைக் கேட்பார். பிறகு பார்ப்பார். காது, மூக்கு, தொண்டை மூன்றும் வெளிச்சமும் கருவியும் கொண்டு நேரில் பார்த்தறிய வேண்டிய உறுப்புகள். காதைப் பாராமலே காதுக்கு மருந்து எழுதுபவர் எத்துணைப் புகழ் பெற்றவராயினும் போதாது. கேட்கும் திறனைச் சீராக்கும் அறுவைக்கு முன் ஆடியோகிராம் எடுப்பார். அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்குச் சினம் கொள்ளாமல் விடை தருவார். தம்மால் இயலாததை இயலாது என்று கூறி உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பார். இந்தக் கடைசிக் குணத்தையே நான் எல்லாவற்றினும் மேலாக மதிக்கிறேன்.

உயர் சிறப்பு மையங்களே செய்யவேண்டிய பணிகளும் உண்டு. செவி நரம்புக் கட்டி, கைக்குழந்தையின் சுவாசப்பாதைக் கோளாறு, காக்ளியர் உள்வைப்பு ஆகியவை அத்தகையவை. ஆனால் அங்கு செல்லும் வழியும் உள்ளூர் மருத்துவரின் அறையிலிருந்தே தொடங்குகிறது. பிறவியிலேயே காது கேளாத குழந்தையின் மூளை, மொழியைப் பற்றிக்கொள்ளும் பருவம் முதல் சில ஆண்டுகளே. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் உள்வைப்புச் செய்யப்படுகிறது. "அப்பா கூட நாலு வயசுலதான் பேசினாராம்" என்று காத்திருக்கும் வீட்டில் இந்தக் காலம் கைநழுவிப் போகிறது. கதவு சாத்தும் ஒலிக்குத் திரும்பாத குழந்தைக்கு உடனே செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள்.

மக்கள் அருகிலுள்ள மருத்துவமனையைத் தவிர்ப்பதில் அவர்கள் மீது மட்டும் குறை சொல்ல மாட்டேன். நீண்ட வரிசை, இரண்டு நிமிடப் பார்வை, நிமிர்ந்து பாராமலே எழுதப்படும் சீட்டு ஆகியவற்றை அனுபவித்தவர்கள் நம்பிக்கை இழப்பது இயல்பே. அந்த நம்பிக்கையை மீட்டெடுக்கும் பொறுப்பு மருத்துவர்களாகிய எங்களுடையது. எனினும் நெரிசலில் கிடைக்கும் இரண்டு நிமிடமும் காதைக் காப்பாற்றப் போதுமானதாக இருக்கலாம். நாற்பதாம் நாள் கிடைக்கும் அரைமணி நேரம் அவ்வாறு இராது.

அந்த இரண்டு நிமிடத்தைப் பயனுள்ளதாக்க உங்களாலும் இயலும். தொல்லை தொடங்கிய நாள், எந்தப் பக்கம், தலைசுற்றல் உண்டா, இதுவரை போட்ட மருந்துகள், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக, "மூன்று நாளாகத் திடீரென்று இடக்காது கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். வரிசையில் முன்னே அழைக்கப்படவும், அன்றே பரிசோதனை நடக்கவும் அந்த ஒரு வாக்கியம் உதவும்.

அந்த மனிதர் இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். நல்ல காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவே வருகிறேன் என்கிறார். சென்ற முறை அவருடைய ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்குக் காது திடீரென அடைத்ததாம். அன்று காலையே ஜி.எச்.சுக்கு அழைத்துப் போனாராம்.