கடனைச் சுமப்பது யார்?

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. அங்கிருந்து பாறசாலை வழியாகத் திருவனந்தபுரம் போகும் தேசிய நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்குச் சற்று முன்பு வரும் ஊர் அமரவிளை. லாரி ஓட்டுநர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகவே தெரியும். கேரளக் கலால் துறையின் சோதனைச் சாவடி இங்கேதான் இருக்கிறது. கஞ்சாவும் எரிசாராயமும் இங்கே பிடிபட்ட செய்தி அவ்வப்போது நாளிதழ்களில் வரும். இந்த வட்டாரத்தில் லண்டன் மிஷன் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபை, லத்தீன் கத்தோலிக்கர், மலங்கரைக் கத்தோலிக்கர், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று பல சபைகளின் ஆலயங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றுக்குள் வேறொரு 'சோதனை' பற்றிப் பிரார்த்தனை நடக்கிறது. அது பாவத்துக்கு இழுக்கும் சோதனை.

இது மொழியின் எல்லையும்கூட. தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழர்கள் கோரிய தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் புழங்கும் இத்தகைய இடத்தில், மதத்தின் பெரிய சொற்கள் தம் உள்ளறைகளைத் திறந்து காட்டுகின்றன.

'பாவம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். மலையாளத்தில் செய்த குற்றம் 'பாபம்'. ஏழை, அப்பாவி, பரிதாபத்துக்குரியவர் 'பாவம்'. தமிழிலோ இரண்டுக்கும் ஒரே சொல். கொலைகாரன் செய்ததும் பாவம்தான். அவன் தூக்குமேடைக்குப் போகும்போது பார்த்தவர் வாயில் வருவதும் 'ஐயோ, பாவம்'தான். கிறிஸ்தவச் சிந்தனையின் இரண்டு நீரோட்டங்கள் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அகஸ்டின் வழிவந்த மேற்குலகத் திருச்சபை பாவத்தைப் பெரும்பாலும் குற்றமாகப் பார்த்தது. அங்கே நீதிபதி உண்டு, தீர்ப்பு உண்டு, தண்டனை உண்டு. சிரிய மரபு அதை நோயாகப் பார்த்தது. அங்கே கிறிஸ்து மருத்துவர், நற்கருணை மருந்து. நெய்யாற்றின்கரை லத்தீன் மறைமாவட்டம் உருவானது 1996இல். பாறசாலை மலங்கரை மறைமாவட்டம் உருவானது 2017இல். இரண்டும் ரோமாபுரியை ஏற்றவைதான். ஆயினும் ஒன்றின் வேர் மேற்கிலும் மற்றதன் வேர் சிரியாவிலும் இருக்கின்றன.

அடுத்த சொல் சோதனை. கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குப் பரீட்சை என்றும் பொருள், ஆசைகாட்டி இழுத்தல் என்றும் பொருள். தமிழின் 'சோதனை' இரண்டையும் சுமக்கிறது. மலையாளத்தில் புராட்டஸ்டண்டுகள் 'பரீட்சை' என்றும், கத்தோலிக்கர் 'பிரலோபனம்' என்றும் பிரித்துக்கொண்டார்கள். இது வெறும் அகராதிச் சண்டையல்ல. சோதனைக்குள் மனிதனைக் கொண்டு போவது கடவுளா என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. பெற்ற தகப்பன் பிள்ளையைக் குழியில் தள்ளமாட்டான் என்று சொல்லி, இயேசு கற்பித்த ஜெபத்தின் இத்தாலிய வாசகம் சரியல்ல என்று 2017இல் போப் பிரான்சிஸ் குறை கூறினார். 2020 நவம்பர் இறுதியில் இத்தாலிய ஆலயங்களில் வாசகம் மாறியது. வேடிக்கை என்னவென்றால், போப் கேட்ட அந்தப் பொருள் தமிழ்க் கத்தோலிக்கரின் ஜெபத்தில் நெடுங்காலமாகவே இருந்துவருகிறது. சோதனையில் தங்களை விழவிட வேண்டாம் என்றுதான் அவர்கள் வேண்டுகிறார்கள்.

சோதனை வருவது பாவமல்ல என்பதில் எல்லாச் சபைகளுக்கும் உடன்பாடு உண்டு. இயேசுவே 40 நாள் வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டார் என்கிறது சுவிசேஷம். பசித்தவருக்கு அப்பம், புகழுக்கு ஆலய உச்சி, அதிகாரத்துக்கு உலகத்து ராஜ்யங்கள். மூன்றையும் அவர் மறுத்தார். எண்ணம் வரலாம், அதில் மனம் சற்று இனிக்கவும் செய்யலாம், சம்மதம் என்ற கதவைத் திறந்தபின்தான் அது பாவமாகிறது என்று திருச்சபையின் பழைய ஆசிரியர்கள் படி வைத்துச் சொன்னார்கள். தமிழ்க் கத்தோலிக்க ஞானோபதேசத்தில் வளர்ந்த முதியவர்களுக்குச் சாவான பாவம், அற்பப் பாவம், தலையான பாவங்கள் ஏழு என்ற பட்டியல் இன்றும் மனப்பாடம்.

பட்டியலில் ஒரு வசதி உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. கோபம், பேராசை, போசனப்பிரியம் என்று தனி மனிதனின் கணக்கை அது சரியாக எழுதும். ஊர் கூடிச் செய்யும் பாவத்துக்கு அதில் பத்தி கிடையாது. திருவிதாங்கூரில் 1855 வரை மனிதனை மனிதன் விற்பது சட்டப்படி குற்றமல்ல. அடிமையை விற்றவர் கோயிலுக்கோ ஆலயத்துக்கோ போகும்போது அது அவர் நெஞ்சை உறுத்தியிருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. 1847இல் மிஷனரிகள் அடிமை முறைக்கு எதிராக அரசரிடம் மனுக் கொடுத்தார்கள். சட்டம் அனுமதித்ததையே பாவம் என்று பெயரிட்டழைத்தது அந்த மனுவின் முக்கியத்துவம். சாதி பார்த்து இருக்கை போட்ட சபைகளும் பின்னாளில் இதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாவது சொல்தான் கடினமானது. அதே ஜெபத்தில் மன்னிப்பைக் கேட்கும் இடத்தில், மத்தேயு சுவிசேஷத்தின் மூலச்சொல் பாவமல்ல, கடன். புராட்டஸ்டண்ட் தமிழும் மலையாளமும் கடன் என்றே வைத்துக்கொண்டன. கத்தோலிக்கத் தமிழ் அதைக் 'குற்றம்' ஆக்கியது. கத்தோலிக்க மலையாளம் 'தெற்று' ஆக்கியது. கடன் என்ற சொல்லின் கனம் இந்த வட்டாரத்துக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் அது கந்துவட்டி, அந்தப் பக்கம் பிளேடு. திருவனந்தபுரத்தில் ஒரு குடும்பமே கடன் தொல்லையால் உயிரை மாய்த்துக்கொண்ட பின்னர்தான் 2014இல் கேரளக் காவல்துறை 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் வட்டிக்காரர்களைத் தேடிப் புறப்பட்டது.

கடனை வைத்து இயேசு சொன்ன உவமை ஒன்று மத்தேயுவில் இருக்கிறது. பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியனை அரசன் மன்னிக்கிறான். வெளியே வந்த ஊழியன், தனக்கு நூறு தினாரி தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு தினாரி ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தினாரி. அதாவது 6 கோடி நாள் கூலி தள்ளுபடி பெற்றவன், 100 நாள் கூலிக்காக ஒருவனைச் சிறையில் போடுகிறான். கதையின் நீதி எல்லாருக்கும் தெரிந்தது. எளிதில் கண்ணில் படாத கணக்கு ஒன்று உண்டு. தள்ளுபடியான அந்த 6 கோடி நாள் கூலி மாயமாய் மறைந்துவிடவில்லை. அந்த நஷ்டத்தை அரசன் சுமந்தான்.

மன்னிப்பின் கிறிஸ்தவப் பொருள் இதுதான். கடன் அழிவதில்லை; அதைச் சுமப்பவர் மாறுகிறார். பழைய கத்தோலிக்கத் தமிழில் மன்னிப்புக்கு வழங்கிய சொல் 'பாவப் பொறுத்தல்'. பொறுத்தல் என்றால் சுமத்தல். திருக்குறளின் 16ஆம் அதிகாரத் தலைப்பான பொறையுடைமையில் இருப்பதும் அதே வேர்ச்சொல். மலையாளத்தில் மன்னிப்புக்கும் பொறுமைக்கும் 'க்ஷமை' என்ற ஒரே சொல். சிலுவையைப் பற்றி இறையியலாளர்கள் எழுதிய ஆயிரம் பக்கங்களின் சாரத்தை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

இதை வாழ்ந்து காட்டிய ஒரு குடும்பம் கேரளத்தில் இருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டம் புல்லுவழியில் 1954இல் பிறந்த ராணி மரியா, பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபைக் கன்னியாஸ்திரீ. மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ் மாவட்டம் உதய்நகரில் நிலமற்ற ஆதிவாசிகளிடையே வேலை செய்தார். கந்துவட்டிக்காரர்களின் பிடியிலிருந்து அவர்கள் வெளியேற வழி காட்டினார். 1995 பிப்ரவரி 25 அன்று ஓடிக்கொண்டிருந்த பேருந்தில், பயணிகள் கண்முன்னால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர் சமுந்தர் சிங். ஆயுள் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார்.

ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் அதே சபைக் கன்னியாஸ்திரீ. 2002இல் ரக்ஷா பந்தன் சமயத்தில் அவர் சிறைக்குப் போய் சமுந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டினார். அக்காவைக் கொன்ற கை அது. குடும்பமும் சபையும் அவருக்காகப் பரிந்துரைத்தன. 2006இல் அவர் விடுதலையானார். பின்னர் புல்லுவழி வீட்டுக்கே வந்தார். அவருடைய கைகளை ராணி மரியாவின் தாய் எலீஸ்வா முத்தமிட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தோரில் ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

இந்தக் கதையை உருக்கத்தோடு நிறுத்திவிடுவது சுலபம். ஆனால் இதில் யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 'நீ மன்னித்தே தீர வேண்டும்' என்ற உத்தரவுக்கு அடிபணிந்து அந்தத் தாய் அந்தக் கைகளை முத்தமிடவில்லை. இழப்பு அவருடையது, அதைச் சுமப்பதென்ற முடிவும் அவருடையது. கொலையாளி ஏழு ஆண்டு சிறையில் இருந்த பிறகே ராக்கி வந்தது.

ஒரிசாவின் மனோகர்பூரில் 1999 ஜனவரி 22 இரவு ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்சும் 10 வயது பிலிப்பும் 6 வயது திமொத்தியும் ஜீப்புக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்ததாகச் சொன்னார். சட்டத்தை அதன் வழியில் விட்டுவிட்டார். மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு என்பது அவர் நிலை. மன்னிப்பு அவர் கையில் இருந்தது, தண்டனை நீதிமன்றத்தின் கையில். தாரா சிங்கின் மரண தண்டனையை 2005இல் உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கிளாடிஸோ கணவர் பணிசெய்த பாரிபதாவில் தொழுநோயாளிகளைக் கவனித்தபடி மேலும் சில ஆண்டுகள் இருந்தார்.

இந்த இரண்டு பெண்களையும் மேற்கோள் காட்டியே மன்னிப்பைத் தவறாகப் பயன்படுத்துவதும் நடக்கிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனை 'எழுபது முறை ஏழு தடவை' மன்னிக்கும்படி மனைவிக்குப் புத்தி சொல்லப்படுகிறது. சபைப் பணத்தைக் கையாடியவர் கண்ணீர் விட்டதும் கணக்குப் புத்தகம் மூடப்படுகிறது. குழந்தைக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்ல வந்த பெற்றோரிடம் 'மன்னித்து விடுங்கள், சபையின் பெயர் கெடும்' என்கிறார்கள். மூன்று இடத்திலும் நடப்பது ஒன்றுதான். சுமக்க முடியாதவர் தலையில் சுமை ஏற்றப்படுகிறது. ஏற்றுகிறவர் அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்கிறார். எதையும் இழக்காத மூன்றாமவருக்குத் தள்ளுபடி செய்ய என்ன அதிகாரம்?

கிறிஸ்தவ மரபு இதற்கு இடம் கொடுக்கவில்லை. ஊரை ஏய்த்த வரிவசூலிப்பாளன் சகேயு, ஏமாற்றிய பணத்தை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகே அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததென்கிறது லூக்கா. பகை தீராமல் காணிக்கை செலுத்த வந்தவனைப் பீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சமாதானம் செய்யப் போகச் சொல்கிறது மலைப்பிரசங்கம். கத்தோலிக்க முறையில் பாவத்தை அறிக்கையிடுவதோடு வேலை முடிவதில்லை. திருடியவர் திருப்பித் தர வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். அந்தச் சடங்குக்கு முன்பு 'பாவசங்கீர்த்தனம்' என்று பெயர். இன்று 'ஒப்புரவு' என்கிறார்கள். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும்.

மன்னிப்பு மலிவானபோதெல்லாம் திருச்சபைக்குள்ளிருந்தே கலகக் குரல் எழுந்திருக்கிறது. தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் காசுக்கு விற்கப்பட்டபோது, 1517இல் மார்ட்டின் லூதர் எதிர்த்தார். ஹிட்லரின் ஜெர்மனியில் திருச்சபை பெரிதும் பணிந்து கிடந்த காலத்தில், 1937இல், லூதர் வழிவந்த போதகர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் 'மலிவான கிருபை' என்ற சொல்லை எடுத்தார். மனந்திரும்புதல் இல்லாமல் வழங்கப்படும் மன்னிப்பை அவர் அப்படி அழைத்தார். 1945 ஏப்ரலில் நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

பாவத்தைப் பற்றிப் பேசுவது இன்று பலருக்குப் பழங்காலத்துச் சங்கதி. ஆனால் கடனைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். தவறு செய்தவர் 'மன்னியுங்கள்' என்று கேட்கும்போது, தன் கடனை எதிரில் நிற்பவர் சுமக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார். அதைக் கேட்கும் முன் தன்னால் எவ்வளவு திருப்பித் தர முடியும் என்று அவர் எண்ணிப் பார்ப்பது நாணயம். எலீஸ்வாவைப் போலச் சுமக்கத் துணிகிறவர் உண்டு. அவரை உலகம் வணங்கலாம். இன்னும் சுமக்க முடியாதவரும் உண்டு. அவரைப் பாவி என்று சொல்ல எந்தப் பீடத்துக்கும் உரிமையில்லை.