பெற்ற இரக்கம் படலையைத் தாண்டட்டும்



உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து வரும் ஞாயிறைத் திருச்சபை இறை இரக்கத்தின் ஞாயிறாகக் கொண்டாடுகின்றது. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி, போலந்து நாட்டு அருட்சகோதரி பவுஸ்தீனாவைப் புனிதராக உயர்த்திய திருப்பலியில், திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் இதனை அறிவித்தார். இன்று நம் குடாநாட்டிலும் இறை இரக்க ஆண்டவரின் படத்தை வீட்டில் வைத்து, பிற்பகல் மூன்று மணிக்குச் செபமாலை சொல்லும் குடும்பங்கள் உள்ளன. பங்குத் திருவிழா நெருங்கும்போது ஒப்புரவு அருட்சாதனத்துக்கு நீண்ட வரிசை நிற்கின்றது. பழைய தலைமுறையினர் பாவசங்கீர்த்தனம் என்றே இன்றும் சொல்லும் அந்த அருட்சாதனத்தை நாடி, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்பதைக் காண்பது மனத்துக்கு நிறைவளிக்கின்றது.

ஆனால் அவ்வரிசையிலேயே, முன்னும் பின்னுமாக, ஆண்டுக்கணக்கில் பேசாத இரு குடும்பத்தார் நிற்பதும் உண்டு. காரணம் பெரும்பாலும் வேலிதான். எல்லைக் கதியால் அரை முழம் நகர்ந்ததும், பொதுக் கிணற்றுப் பங்கும், சீதனக் காணியும் நம் மண்ணில் எத்தனை உறவுகளை அறுத்துள்ளன என்பதை நீங்கள் அறிவீர்கள். போர் வேலிகளையெல்லாம் தின்றுவிட்டது. மீளக் குடியேறியதும் நாம் முதலில் தேடியது எல்லைக் கல்லையே. 'நன்மை தீமை இல்லை' என்று நம்மவர் சொல்வர். அதாவது, அந்த வீட்டுத் திருமணத்துக்கும் போவதில்லை, செத்தவீட்டுக்கும் போவதில்லை. இருவரும் ஒரே பீடத்திலிருந்து நற்கருணை பெறுகின்றனர். சமாதானம் பகிரும் வேளையில் மட்டும் முகங்கள் வேறு திசை நோக்குகின்றன.

மன்னிக்க மறுத்த ஊழியனின் உவமையை (மத்தேயு 18) நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவன் அரசனுக்குப் பட்ட கடன் பத்தாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலி. பல்லாயிரம் ஆண்டுகள் உழைத்தாலும் அடைக்க முடியாத அத்தொகை ஒரே சொல்லில் தள்ளுபடியாயிற்று. உடன் ஊழியன் அவனுக்குத் தரவேண்டியதோ நூறு தெனாரியம். இதை அற்பக் காசு என்று சில மறையுரைகளில் சொல்லக் கேட்கிறோம், அது சரியன்று. நூறு நாட்கூலி என்பது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. தோட்டம் செய்பவருக்கும் கடற்றொழிலாளருக்கும் அது எவ்வளவு பெரிது! நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு சிறியது என்று ஆண்டவர் சொல்லவில்லை. அது உண்மையான கடன்தான். நாம் பெற்றுக்கொண்டதன் அருகே வைத்துப் பார்க்கவே அவர் அழைக்கிறார்.

நாம் பெற்றுக்கொண்டது என்ன? மூத்த தலைமுறையினர் 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை மறந்திருக்க முடியாது. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. கோவில்களும் பாடசாலைகளும் நிரம்பி வழிந்தன. முன்பின் அறியாதவர்கள் தங்கள் விறாந்தையையும் மாமரத்து நிழலையும் கொடுத்தார்கள். அங்கே எவரும் முதலில் சாதியோ சமயமோ கேட்டிருந்தால் எத்தனை குழந்தைகள் அந்த மழையில் கிடந்திருக்கும்! அதே ஒக்டோபர் 30இல்தான், ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1990இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். இவ்விரு இரவுகளையும் நம் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் மறைமாவட்டத்தின் விசுவாசத்தை மீட்டெடுத்த புனித யோசேவாஸ் அடிகளாரும் இரக்கத்தை முதலில் பெற்றுக்கொண்டவராகவே இம்மண்ணில் கால் வைத்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த 1687ஆம் ஆண்டில், கூலியாள் வேடத்தில் கோவாவிலிருந்து வந்த அவர், யாழ்ப்பாணத்தில் கடும் வயிற்றோட்டத்தால் வீழ்ந்தார். தொற்றுநோய் என அஞ்சி அயலார் விலகியபோது, பெண்ணொருத்தி கொடுத்த கஞ்சியே அவரைக் காத்தது என்று அவரது வாழ்க்கை வரலாறு கூறுகின்றது. ஒரு குருவுக்குக் கஞ்சி ஊற்றுவதாக அவள் அறிந்திருக்கமாட்டாள். பின்னர் சில்லாலையைத் தளமாகக் கொண்டு மறைந்து பணியாற்றிய அதே குரு, 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி மக்கள் நகரைவிட்டு ஓடியபோது அங்கேயே தங்கி, கைவிடப்பட்ட நோயாளரைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரிலேயே அவர் இரக்கத்தின் யூபிலி ஆண்டையும் தொடங்கிவைத்தார்.

இங்கே ஒரு கேள்வி எழும். நவாலித் தேவாலய வளாகத்தில் 1995 ஜூலை 9இல் குண்டுக்குப் பலியானவர்களின் உறவினரிடமும், காணாமற்போன பிள்ளைக்காக வீதியோரம் அமர்ந்திருக்கும் தாயிடமும் இரக்கத்தைப் பற்றிப் போதிக்க நமக்கு என்ன உரிமை? எவ்வித உரிமையும் இல்லை. மன்னிப்பு என்பது உண்மையைக் கேட்பதைக் கைவிடுவதன்று. 1981இல் தம்மைச் சுட்டவரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நான்கே நாட்களில் மருத்துவமனையிலிருந்து மன்னித்தார். 1983இல் சிறைக்கூடத்துக்கே சென்று அருகில் அமர்ந்து பேசினார். எனினும் இத்தாலியச் சிறையில் அம்மனிதரின் தண்டனை 2000ஆம் ஆண்டுவரை தொடர்ந்தது. ஆகவே, துயருற்றோரை அவசரப்படுத்தும் போதனையை விட்டு, அவர்கள் அருகே அமர்வதையே பங்குச் சமூகம் கற்கவேண்டும்.

இரக்கத்தின் செயல்களெனத் திருச்சபை கற்பிப்பவை உடல் சார்ந்தவை ஏழு, ஆன்மா சார்ந்தவை ஏழு. முதல் வகையில் நம் பங்குகள் குறைந்தவையல்ல. வின்சென்ட் தே போல் சபையினர் சத்தமின்றிச் செய்யும் உதவிகளை ஏழை வீடுகள் அறியும். பசித்தவனுக்குச் சோறு கொடுப்பது நமக்குக் கைவந்தது. புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளியைப் பாடகர் குழுவில் சேர்ப்பதும், குடியால் வீழ்ந்தவனின் மனைவியை அன்பியக் கூட்டத்தில் அருகே இருத்துவதும் அவ்வளவு எளிதாக வருவதில்லை. ஆன்மா சார்ந்த ஏழில் ஒன்றாகிய, தீங்கு செய்தவரை மன்னிப்பது அதனினும் கடினம்.

அடுத்த திருவிழாவுக்குக் கொடியேறுமுன், ஒப்புரவுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் ஒரேயொரு வீட்டை மனத்தில் குறித்துக்கொள்வோம். பீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்னவர் ஆண்டவரே. தனியே போகத் தயங்குபவர் அன்பியத் தலைவரையோ பங்குத்தந்தையையோ துணைக்கு அழைக்கலாம். முதல் நாளிலேயே எல்லைக் கதை பேசவேண்டியதில்லை. அதற்கு நில அளவையாளர் இருக்கிறார், நீதிமன்றமும் இருக்கிறது. அவ்வீட்டில் யாருக்கு நோய், எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்று விசாரித்து, அவர்கள் தரும் தேநீரைக் குடித்துவிட்டு வரலாம்.