பாட்டும் கேட்கட்டும், சைரனும் கேட்கட்டும்

காரில் போகும்போது பாட்டுக் கேட்பது தவறா? தவறில்லை. நானும் கேட்பவன்தான். ஆனால் அதை எந்தக் கருவி வழியாக, எவ்வளவு சத்தமாகக் கேட்பது என்பது வெறும் ரசனையைப் பொறுத்தது அன்று. அதில் இயற்பியல் இருக்கிறது. சில சமயம் ஓர் உயிரும் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஆடி அமாவாசைக்கு மறுநாள் மாலை, என் அக்கா குடும்பத்தாருடன் இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரத்துக்கு வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏ.சி.க்காகக் கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன், "அண்ணே, இன்னும் கொஞ்சம் கூட்டுங்க" என்றான். ஓட்டுநர் கூட்டினார். பாம்பன் பாலத்தில் ஏறியதும் பாட்டின் நடுவே வேறொரு வானொலி நிலையத்தின் குரல் புகுந்தது. அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பொத்தானைத் திருகினார். நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடி முழுவதும் விட்டுவிட்டு எரியும் விளக்கொளி!

"தம்பி, பின்னால ஆம்புலன்ஸ்! ஒதுங்குங்க" என்றேன்.

"ஐயோ, கேக்கவே இல்லையே சார்" என்று பதறிப்போய் அவர் இடப்பக்கம் ஒதுங்கினார். வண்டி எங்களைக் கடந்து விரைந்தது. அது எவ்வளவு நேரமாக எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. உள்ளே இருந்தவர் யார், என்ன ஆனார் என்பதும் தெரியாது.

இராமேசுவரம் தீவைச் சாலை வழியாக வெளியுலகத்தோடு இணைப்பது 1988-இல் திறக்கப்பட்ட இந்தப் பாலம் ஒன்றுதான். ஏறத்தாழ 2.3 கி.மீ. நீளம், போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. கடலையும் ரயில் பாலத்தையும் பார்க்க வண்டியை ஓரங்கட்டி நிற்போர் வேறு உண்டு. தீவிலிருந்து ஒரு நோயாளியை இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டுமானால், ஏறத்தாழ 55 கி.மீ. தூரம் இந்த வழியேதான் வந்தாக வேண்டும். வேறு சுற்றுவழி கிடையாது. எனவே முன்னால் போகும் காரின் காது திறந்திருக்க வேண்டியது இங்கே மிகவும் அவசியம்.

பாட்டைக் குறைத்தால் என்ன கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒலியின் அளவை டெசிபலில் சொல்கிறோம். 10 டெசிபல் குறைந்தால் ஒலியின் செறிவு பத்தில் ஒரு பங்காகிறது. ஆனால் நம் காதுக்கு அது சத்தம் பாதியானது போலத்தான் தோன்றும். மற்றொரு விதியையும் நீங்கள் படித்திருப்பீர்கள்: திறந்த வெளியில் ஒலியின் செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தூரம் இரு மடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு.

இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட சத்தத்தில் பாட்டு ஒலிக்கும்போது, பின்னால் வரும் சைரன் 25 மீட்டர் நெருங்கிய பிறகே காதில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டை 10 டெசிபல் குறைத்தால், முன்னைப்போலப் பத்தில் ஒரு பங்கு செறிவுள்ள சைரன் ஒலியே போதும். பத்தின் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.2. ஆகவே சைரன் 80 மீட்டர் தொலைவிலேயே கேட்டுவிடும்! காற்று, மற்ற வண்டிகளின் இரைச்சல் ஆகியவற்றால் இந்த எண் கூடலாம், குறையலாம். ஆனால் போக்கு இதுதான்.

ஆம்புலன்ஸ் மணிக்கு 80 கி.மீ. வேகத்திலும் கார் 40 கி.மீ. வேகத்திலும் போனால், இடைவெளி வினாடிக்கு 11 மீட்டர் வீதம் சுருங்கும். 25 மீட்டரில் கேட்டால் ஓட்டுநருக்குக் கிடைப்பது 2 வினாடிதான். 80 மீட்டரில் கேட்டால் 7 வினாடி. கண்ணாடியைப் பார்த்து, எதிரே வரும் பேருந்தைக் கவனித்து, பதறாமல் ஒதுங்க 7 வினாடி போதும். 2 வினாடி போதாது. பாட்டின் சத்தத்தைப் பாதியாக்கினால் யாரோ ஒருவருக்கு 5 வினாடி கிடைக்கிறது. இதைவிட மலிவான தருமம் உண்டா?

அடுத்தது கருவி. 1979-இல் வாக்மன் வந்தபோது பாட்டு மனிதனோடு நடக்கத் தொடங்கியது. இன்று அது கைப்பேசிக்குள் இருக்கிறது. பழைய கார்களில் கைப்பேசிப் பாட்டைக் கேட்கப் பலர் வாங்குவது, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு பண்பலை ஒலிபரப்பியைத்தான். கைப்பேசியின் பாட்டை அது வானொலி அலையாக மாற்றி, காரின் ரேடியோவுக்கு அனுப்புகிறது. விலை குறைவு. ஆனால் நம் கடற்கரைக்கு அது ஏற்றதன்று என்பேன்.

காரணம் இதுதான். பண்பலை அலைகள் பெரும்பாலும் ஒளியைப்போல நேர்க்கோட்டில் செல்பவை. மலையோ கட்டடமோ குறுக்கிடாத கடலின் மேல் அவை தாராளமாக வருகின்றன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கி.மீ. கடல்தான். அதனால் இலங்கைத் தமிழ் வானொலிகள் இங்கே தெளிவாகக் கேட்கின்றன. நம் பக்கத்து நிலையங்களும் உண்டு. பாம்பனில் மீனவர்களுக்காக 2016-இல் தொடங்கப்பட்ட 'கடல் ஓசை' 90.4 மெகாஹெர்ட்சில் ஒலிபரப்பாயிற்று. மதுரையில் காலியாக இருந்த அலைவரிசை மண்டபத்தில் காலியாக இராது. பாலத்தில் உயர ஏற ஏற, காரின் ஏரியல் கடலைக் கடந்து வரும் அலைகளை இன்னும் நன்றாகப் பிடிக்கும். பண்பலை ரேடியோவின் இயல்பு, இரண்டு அலைகளில் வலுவானதை மட்டும் எடுத்துக்கொள்வது. எங்கள் காரில் குரல் புகுந்தது இப்படித்தான். உடனே ஓட்டுநரின் கை பொத்தானுக்குப் போகிறது. கண்ணும் கூடவே போகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 2 வினாடி கண்ணை எடுத்தால், கார் 33 மீட்டர் தூரம் பார்வையின்றி ஓடியிருக்கும்.

காரின் ரேடியோவில் ஆக்ஸ் துளை இருந்தால், ஒரு சாதாரண ஒயரே சிறந்தது. அதைவிட மலிவான வழி இல்லை. அதற்கு அலைவரிசையும் வேண்டாம், குறுக்கீடும் இல்லை. ஒயர் கியருக்கும் பிரேக்குக்கும் அருகே தொங்காமல் ஒட்டிவிட வேண்டும். கைப்பேசியை மடியில் வைக்காமல் தாங்கியில் பொருத்த வேண்டும். விழுந்து பிரேக் மிதியின் அடியில் உருண்டால் ஆபத்து. பாட்டுகளை வண்டி கிளம்பும் முன்பே வரிசைப்படுத்திவிட வேண்டும். ஓடும் வண்டியில் கைப்பேசியைக் கையில் எடுத்து இயக்குவது, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அபாயகரமாக ஓட்டும் குற்றமாகும்.

இயர்போன்? ஓட்டுபவருக்கு அது கூடவே கூடாது. இரு காதுகளுக்கும் இடையே ஏறத்தாழ 20 செ.மீ. தூரம். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைவிட மறு காதை ஏறத்தாழ 0.0006 வினாடி தாமதமாக அடைகிறது. இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே ஹாரன் எந்தப் பக்கம் என்று மூளை அறிகிறது. ஒரு காதை அடைத்தாலும் அந்த வித்தை போய்விடும்.

"இராத்திரியில் பாட்டு இல்லாவிட்டால் தூங்கிவிடுவேன்" என்று சில ஓட்டுநர்கள் சொல்வார்கள். விடியற்காலைத் தீர்த்தமாடலுக்காக இரவெல்லாம் வண்டி ஓட்டுபவர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் சத்தம் தூக்கத்தைச் சற்று மறைக்குமே தவிரப் போக்காது. அவர்களுக்குத் தேவை ஓய்வு. அதைக் கொடுக்க வேண்டியது வண்டியை அமர்த்திய நாம்.

நண்பர்களே, விடுமுறையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். வண்டிகள் வராத மைதானத்தில் காரை நிறுத்தி, பெரியவர் ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்துங்கள். கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யையும் பாட்டையும் வழக்கம்போல வையுங்கள். பின்னால் 100 அடி தள்ளி ஸ்கூட்டர் ஹாரனை ஒருமுறை அடியுங்கள். உள்ளே இருப்பவருக்குக் கேட்கிறதா? கேட்கும்வரை பாட்டைக் குறையுங்கள். அந்த இடத்தில் ரேடியோவில் ஒரு சிறு குறி வையுங்கள். அதுவே உங்கள் காரின் எல்லைக்கோடு.

கடைசியாக ஒன்று. அன்று பாட்டைக் கூட்டச் சொன்னது ஓட்டுநர் அல்லர். பின் இருக்கையில் இருந்த எங்கள் பையன். அதைக் கேட்டும் பேசாமல் இருந்தவன் இயற்பியல் ஆசிரியனாகிய நான். அடுத்த முறை பள்ளிச் சுற்றுலாவிலோ குடும்பப் பயணத்திலோ, "அண்ணே, கொஞ்சம் குறைச்சு வைங்க" என்று சொல்லும் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.